எந்த மொழியில் கேட்பது? கோலார் தங்கவயலும் கேட்பியல் ஆய்வுப் பயிற்சியும்

கோலார் தங்கவயலில் 1940களிலேயே சிலிகோசிஸ் பற்றிய மருத்துவ ஆய்வு நடந்தது. தொழிலாளியின் நுரையீரல் அன்றே ஆவணங்களில் இடம்பெற்றது, செவி இடம்பெறவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், துளைப்பொறியின் இரைச்சலும் வெடியோசையும் குறுகிய பாறைச் சுவர்களுக்கிடையே அடைபட்டு ஒலித்தன. ஆனால் செவியை அளப்பதற்கென்று ஒரு தொழிலே அப்போது இந்தியாவில் உருவாகியிருக்கவில்லை.

கேட்பியல் போரில் பிறந்த துறை. இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் இழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக ரேமண்ட் கார்ஹார்ட் உருவாக்கிய முறைகள் அதற்கு அடித்தளமாயின. 1936இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டம் பேச்சு நோயியல், சோதனை ஒலியியல், உளவியல் ஆகியவற்றை ஒருங்கே தழுவியது. மொழியியலுடனான இவ்வுறவு தற்செயலானதன்று.

இந்தியாவில் 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே முதுகலைப் படிப்பு வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வழியே முனைவர் ஆய்வும் பின்னர் வேரூன்றியது. இன்று அமெரிக்காவில் கேட்பியலாளராகப் பணிபுரியவே முனைவர் நிலைப் பட்டம் தேவை. இங்கே அது ஆய்வுப் பட்டமாகவே நீடிக்கிறது. நோயாளியைப் பார்க்க அதற்குக் கீழ்நிலைப் பட்டங்களே போதும். ஆகவே, எதை ஆராய்வது என்ற தேர்வுக்கு இங்கே கூடுதல் பொறுப்பு உண்டு.

தூய தொனியால் செவியை அளக்க மொழி வேண்டியதில்லை. பேச்சைக் கேட்டுணரும் திறனை அளக்க நோயாளியின் மொழியிலேயே சொற்பட்டியல் வேண்டும். ஆங்கிலப் பட்டியல்கள் ஓரசைச் சொற்களால் ஆனவை. பேச்சுத் தமிழிலோ வல்லின மெய்யில் முடியும் சொல் அரிது. பெரும்பாலும் உயிரொலி வந்து சேர்ந்துவிடும். எனவே மொழிபெயர்ப்பு உதவாது. தமிழுக்கான ஒலிச்சமநிலைப் பட்டியலொன்றை 1976இல் மைசூர்ப் பல்கலைக்கழக முதுகலை ஆய்வேடு ஒன்று உருவாக்கியது. தங்கவயலில் அப்போதும் சுரங்கங்கள் இயங்கின.

வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் தமிழ், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் கன்னடத்தோடும் தெலுங்கோடும் தலைமுறைகளாகப் புழங்கி வந்தது. அவ்வூர்ச் செவிக்குப் பொதுப் பட்டியல் போதுமா என்பது மொழியியலும் கேட்பியலும் சேர்ந்து விடைகாண வேண்டிய முனைவர் ஆய்வுப் பொருள். அதற்குக் காலமும் குறைவு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது இருபத்தைந்து வயதில் வேலையிழந்தவர் இப்போது ஐம்பதை எட்டிவிட்டார். இனி அவர் செவியில் இரைச்சலால் நேர்ந்த இழப்பும் முதுமையால் நேரும் இழப்பும் ஒன்றோடொன்று கலக்கும். எது எதனால் என்று பிரித்தறிவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும்.