குடவோலையும் கட்சிக் கணக்கும்

ஏனாத்தூரில் இருந்துகொண்டு தேர்தலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உத்திரமேரூரைத் தாண்டிப் போக முடியாது. குடவோலை என்றதும் பானையும், அதில் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு வேறொரு வரிதான் படுகிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்கின்றன. அவன் மட்டுமல்ல, சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, மகன் வரை தடை. பினாமி விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது போல :) ஆனால் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். அது சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. மற்றவர்களுக்கு அதில் இடமே இல்லை.

இன்றைய சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கு தரவேண்டும். தக்க காரணம் இல்லாமல் தராதவரைத் தேர்தல் ஆணையம் 3 வருடம் தகுதிநீக்கம் செய்யலாம். மச்சானுக்கு ஆபத்தில்லை!

உச்சவரம்பும் உண்டு. முதல் பொதுத்தேர்தலில் பெரும்பாலான மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 25,000 ரூபாய். 2022-இல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு அது 95 லட்சம் ஆனது, சட்டசபைக்கு 40 லட்சம். இவ்வளவும் வேட்பாளருக்குத்தான். கட்சி எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்க ஒருமுறை வழி பிறந்தது. 1971-இல் டெல்லி சதர் தொகுதியில் ஜெயித்த அமர்நாத் சாவ்லா மீது கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று 1974 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது, பின்னர் திருத்தச் சட்டம். தீர்ப்பு செல்லாக்காசு ஆனது. 2003-இல்தான் பாதியாவது சரிசெய்தார்கள்: நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கும் கட்சியின் பொதுப் பிரசாரத்துக்கும் விலக்கு, தொகுதியில் கட்சி வேட்பாளருக்காகச் செய்யும் செலவு அவர் கணக்கில். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கினால் கட்சி விவரம் தரவேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

அடுத்து 2017. கம்பெனி நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத லாப வரம்பு போனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று லாப நட்டக் கணக்கில் எழுதவும் தேவையில்லை. நஷ்டக் கம்பெனிகூட கொடுக்கலாம். (கம்பெனி அக்கவுண்ட்ஸ் பேப்பரில் இப்படி எழுதினால் மார்க் போடுவார்களா?) 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் வந்தது. வாங்குபவர் பெயர் ஸ்டேட் வங்கிக்குத் தெரியும், ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் பத்திரத்தையும் இந்தக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தையும் சேர்த்து ரத்து செய்தார்கள். விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. மார்ச்சில் பட்டியல் வெளியானபோது, அதிகமாக வாங்கியது கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. இதைத் தி.மு.க.வே ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருந்தது. அ.தி.மு.க.வும் பெயர் சொல்லியிருந்தது. கொடுத்தவர் பெயரைக் குறித்து வைக்கச் சட்டம் சொல்லவில்லை என்றது பா.ஜ.க. சட்டப்படி அது சரிதான், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர்கள் ஆட்சிதான்.

இப்போது பத்திரம் இல்லை, 20,000 விதி இருக்கிறது. ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஒரே ஆள் பத்துப் பேர் பெயரில் ரசீது போட்டால் கண்டுபிடிக்கும் விதிதான் எனக்கு எங்கேயும் தட்டுப்படவில்லை.