ரெண்டு நிமிஷ முன்னிலை: 1956 மெல்போர்ன் அரையிறுதி

உலகக் கோப்பை அரையிறுதி வந்தாலே எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய வாக்குவாதம் புதுசா முளைக்கும். 2022 டிசம்பரில் அர்ஜென்டினா குரோஷியாவை 3-0 என்று வென்றபோதும் அதேதான். நம்ம நேரப்படி ராத்திரி 12.30க்கு ஆரம்பித்த மேட்ச். தூங்காமல் பார்த்தவர்கள் விடிஞ்சதும் டீக்கடையில் மெஸ்ஸியில் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது கேட்பார்: "நம்ம நாடு எப்பங்க இந்த மாதிரி ஒரு அரையிறுதி ஆடப் போகுது?"

உலகக் கோப்பை என்றால் பதில் இல்லை. ஆனால் விவரம் தெரிந்த ஒருத்தர் கண்டிப்பாக "ஒலிம்பிக்ஸ்ல ஆடியிருக்கோம், 1956ல" என்பார். 2024இல் பயிற்சியாளர் ரஹீமைப் பற்றிய 'மைதான்' இந்திப் படம் வந்த பிறகு இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். உடனே கூட்டம் ரெண்டாகப் பிரியும். ஒரு கட்சி, "அது பொற்காலம், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தா மெடலே வந்திருக்கும்" என்னும். இன்னொரு கட்சி, "அட போங்க, எதிரணி வராததால ஓசியில கிடைச்ச அரையிறுதி அது" என்னும்.

ரெண்டு பேச்சையும் நிறைய தடவை கேட்டாச்சு. மேட்ச் விவரங்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓசிக் கணக்கு

மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் 1956 நவம்பர் 22இல் தொடங்கியது. கால்பந்துக்கு 16 அணிகள் வருவதாக ஏற்பாடு. வந்து ஆடியது 11தான். சூயஸ் பிரச்சினையில் எகிப்து ஒலிம்பிக்ஸையே புறக்கணித்தது. தைவான் விவகாரத்தில் சீனா விலகியது. முதல் சுற்றில் இந்தியாவுக்கு எதிரணி ஹங்கேரி. 1952இல் புஷ்காஷை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு அது. 1956 அக்டோபரில் அங்கே புரட்சி வெடித்து, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்திருந்தன. ஹங்கேரி கால்பந்து அணி வரவில்லை. இந்தியாவுக்கு வாக்ஓவர்.

இதுவரை "ஓசி" கட்சி சொல்வது சரி. ஹங்கேரி வந்திருந்தால் கதை முதல் சுற்றிலேயே முடிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. 11 அணிகள் என்பதால் முதல் சுற்றில் மூன்றே மேட்ச்தான் நடந்தது. கால் இறுதிக்கு வந்த 8 அணிகளில் 5 அணிகள் முதல் சுற்றில் ஆடாமலேயே வந்தவை. அதில் யூகோஸ்லாவியாவும் பல்கேரியாவும் உண்டு. கடைசியில் வெள்ளி வாங்கியது யூகோஸ்லாவியா, வெண்கலம் வாங்கியது பல்கேரியா. அவர்கள் மெடலை யாரும் ஓசி என்று சொல்வதில்லையே?

கால் இறுதி டிசம்பர் 1ஆம் தேதி. எதிரணி ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் ஊரில். இந்தியா 4-2. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக் அது. நாலாவது கோல் கிட்டு என்கிற ஜே. கிருஷ்ணசாமி அடித்தது. ஏதோ ஒரு நாள் குருட்டாம்போக்கில் ஜெயித்ததா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. ஒலிம்பிக்ஸ் முடிந்து டிசம்பர் 12ஆம் தேதி சிட்னியில் இதே ஆஸ்திரேலியாவோடு ஒரு நட்புப் போட்டி நடந்தது. இந்தியா 7-1!

அன்றைய ஆஸ்திரேலியா பலமான அணி இல்லை என்பதையும் இதே 7-1 காட்டுகிறது. ஆகவே என் கணக்கு: முதல் சுற்று ஓசி, கால் இறுதி ஓசி இல்லை, ஆனால் சுலபமான எதிரணி கிடைத்தது.

52ஆவது நிமிஷத்திலிருந்து 78 வரை

டிசம்பர் 4, செவ்வாய்க்கிழமை. அரையிறுதி, எதிரே யூகோஸ்லாவியா. 1948இலும் 1952இலும் வெள்ளி வாங்கிய அணி. இந்த முறை கால் இறுதியில் அமெரிக்காவை 9-1 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தது.

இந்தியாவுக்கு அவர்களோடு பழைய பாக்கி ஒன்று உண்டு. 1952 ஹெல்சிங்கியில் இதே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். குளிரில் நம் ஆட்கள் சிலர் வெறுங்காலோடு ஆடிய மேட்ச் அது. அதற்குப் பிறகுதான் இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயம் ஆனது. இடையில் நாலு வருஷம் சையது அப்துல் ரஹீம் அணியைத் திரும்பக் கட்டினார்.

மென்பொருள் ஆள் பாஷையில் சொன்னால், தோற்றுப்போன அதே டெஸ்ட் கேஸை நாலு வருஷம் கழித்துத் திரும்ப ஓட்டின மாதிரி. முதல் பாதி 0-0. 52ஆவது நிமிஷத்தில் கோல், அடித்தது டிசூசா. ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியா 1-0 முன்னிலை!

அந்த முன்னிலை நின்றது ரெண்டு நிமிஷம். 54இல் பாபெச் சமன் செய்தார். 57இல் வெசெலினோவிச். 65இல் மறுபடி பாபெச். 78இல் நம்ம சலாம் காலிலிருந்து ஒரு சேம்சைடு கோல். 4-1, முடிந்தது.

இந்தத் தோல்விக்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்கிற காரணம் தெம்பு. அன்றைக்கு நம் உள்நாட்டு மேட்ச்கள் 70 நிமிஷம்தான், வெளியே 90, அதனால் கடைசி 20 நிமிஷத்தில் மூச்சு வாங்கிவிட்டது என்பார்கள். 70 நிமிஷப் பழக்கம் உண்மைதான். ஆனால் நிமிஷக் கணக்கு இந்த மேட்ச்சுக்கு ஒத்துவரவில்லை. மூன்று கோல் 65க்குள்ளேயே விழுந்துவிட்டது. 70க்கு மேல் விழுந்தது அந்த சேம்சைடு மட்டும்தான். கோல் போட்ட கையோடு, அடுத்த ஐந்து நிமிஷத்தில் ரெண்டு கோல் வாங்கிய மேட்ச் இது. முன்னிலையை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பெரிய அணிகளோடு அடிக்கடி ஆடிய பழக்கம் வேண்டும். நாம் அந்த மாதிரி அணியைச் சந்தித்தது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை.

அப்ப "பொற்காலம்" கட்சி சொல்வது? 10-1, 4-1 ஆனது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மெடலைத் தட்டிப் பறித்தது அதிர்ஷ்டம் இல்லை. டிசம்பர் 7ஆம் தேதி வெண்கல மேட்ச்சில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்றோம். நாலாவது இடம் என்பது அந்த அணியின் சரியான அளவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த அளவே ஆசியாவுக்குப் பெரிசு. ரஹீமின் அணி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்றும், இறுதியில் தென் கொரியாவை 2-1 என்றும் வென்று தங்கம் வாங்கியது. முன்னிலையைக் காப்பாற்ற ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

நம்ம பேர்கள்

மெல்போர்ன் அணிப் பட்டியலைப் பார்த்தால் தமிழ்க் காதுக்குப் பழக்கமான பேர்கள் வரிசையாக வரும்: தங்கராஜ், கிட்டு, கண்ணையன், பலராம். பீட்டர் தங்கராஜும் துளசிதாஸ் பலராமும் ஹைதராபாத், செகந்திராபாத் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடினார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்திர இந்தியாவின் முதல் கோல், 1948 லண்டனில் பிரான்ஸுக்கு எதிராக சாரங்கபாணி ராமன் அடித்தது. இதுவரைக்கும் கடைசி கோல், 1960 ரோமில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தர்ராஜ் அடித்தது. அவர் தஞ்சாவூர்க்காரர். அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதியே பெறவில்லை. முதலும் கடைசியும் இந்தப் பக்கத்துப் பேர்கள்.

அந்த வாரம் இங்கே

அப்படியென்றால் இந்த அரையிறுதி ஏன் நம்ம ஊர்ப் பேச்சில் தங்கவில்லை? கிரிக்கெட்டைத் திட்டுவது சுலபம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்த நாட்களின் காலண்டரை எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிறந்திருந்தன. கள்ளக்குறிச்சி அப்போது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்கள் ஆட்சி, அது 1976 வரை ஓடியது. டிவி இந்தியாவுக்கே 1959இல்தான் வந்தது, சென்னைக்கு 1975இல். செய்தி என்றால் பேப்பரும் ரேடியோவும்தான்.

ஒலிம்பிக்ஸ் தொடங்கின மறுநாள், நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நம்ம பக்கத்துத் தாலுகாவான விருத்தாசலம் வழியாகப் போன ரயில் அது. டிசம்பர் 4 அரையிறுதி. டிசம்பர் 6 அம்பேத்கர் மறைந்தார். அதே டிசம்பர் 6ஆம் தேதி மெல்போர்னில் ஹாக்கி இறுதி, இந்தியா பாகிஸ்தானை 1-0 என்று வென்று தொடர்ந்து ஆறாவது தங்கம். அடுத்த நாள் கால்பந்து வெண்கல மேட்ச்.

இந்த வரிசையில் ஒரு 4-1 தோல்விக்கு எங்கே இடம்? தங்கம் வந்த வாரத்தில் நாலாவது இடத்தை யார் நினைவில் வைப்பார்கள்? பக்கத்தில் நடந்தவை அவ்வளவு பெரிசு. அந்த வாரம் கவனத்தில் விழாத மேட்ச், பிற்பாடு ரசிகர்கள் வாயில் ஒன்று பொற்காலமாக ஊதிப்போனது, இல்லை ஓசியாகச் சுருங்கிப்போனது. பார்த்தவர்கள் இல்லாததால் ரெண்டையும் மறுக்க ஆள் இல்லை.

பக்கத்து மாவட்டத்து அரையிறுதி

இது 1956க்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2019 மார்ச் 20, நேபாளத்தில் பிராட்நகர். தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4-0 என்று வென்றது. அதில் ரெண்டு கோல் இந்துமதி கதிரேசன் அடித்தது. கடலூர்ப் பெண், தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். மார்ச் 22 இறுதியில் நேபாளத்தை 3-1 என்று வென்று கோப்பை, அதுவும் தொடர்ந்து ஐந்தாவது தடவை. மார்ச் 23ஆம் தேதி சென்னையில் ஐபிஎல் ஆரம்பித்தது. நாடாளுமன்றத் தேர்தல் வேறு வாசலில் நின்றது. நம்ம ஊர் டீக்கடையில் அந்த வாரம் எதைப் பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கடலூர் நமக்குத் தூரம் இல்லை. 1993இல் விழுப்புரம் பிரியும் வரைக்கும் ஒரே மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆனது அந்த 2019 நவம்பரில்தான். ஆக, "நம்ம நாடு எப்பங்க அரையிறுதி ஆடப் போகுது" என்று கேட்கிறவரிடம் 1956 கதையைச் சொல்லுங்கள், 52, 54, 57 என்று நிமிஷக் கணக்கோடு. அதோடு நிறுத்தாமல், பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தர் அரையிறுதியில் ரெண்டு கோல் அடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் மேட்ச்சைப் பார்க்க நம்ம தாத்தா காலத்தில் வழி இல்லை. ரெண்டாவதுக்கு அந்தச் சாக்குச் செல்லாது.