கேரி நகரின் கண்ணாடித் தகடுகள்

அகலம் எட்டு அங்குலம், நீளம் பத்து அங்குலம் உள்ள ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஒரு முகத்தில் மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் பூச்சு, பூச்சுக்குள் வெள்ளி உப்பு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் கட்டுமான வேலைகளைப் படம் பிடிக்கப் போனவர்கள் பெட்டி பெட்டியாகச் சுமந்து போனது இத்தகைய தகடுகளைத்தான். ஒரு படத்துக்கு ஒரு தகடு செலவாகும். கை தவறினால் படமும் போய்விடும். ஆகவே எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் முக்காலியை ஊன்றுவார்கள்.

1906-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்கரையில், யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் ஓர் உருக்காலையையும் அதற்கான ஊரையும் ஒன்றாகக் கட்டத் தொடங்கியது. ஊருக்கு நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தார்கள். வாங்கிய நிலம் சுமார் 9,000 ஏக்கர். மணற்குன்றுகளும், அவற்றுக்கு இடையே சதுப்பும் ஓக் மரங்களும் இருந்த நிலம் அது. குன்றுகளைச் சமப்படுத்தினார்கள். கிராண்ட் கேலுமெட் ஆறு குறுக்கே வந்ததால் அதற்கு வேறு தடம் வெட்டினார்கள். ரயில் பாதைகளைப் பெயர்த்துத் தள்ளிப் போட்டார்கள். ஏரியின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டிக் கரையை உயர்த்தினார்கள். ஊர்ப் பக்கமோ வெறும் மணலில் மரம் நிற்காது, புல் பிடிக்காது என்பதால் வெளியிலிருந்து கரிய மண்ணைக் கொண்டுவந்து பரப்ப வேண்டியிருந்தது.

இத்தனையும் படமாகியிருக்கின்றன. நிறுவனம் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்துகொண்டே போனது. அழகுக்காக எடுத்த படங்கள் அல்ல இவை. கட்டுமானத் தளத்திலிருந்து தொலைவில் உட்கார்ந்து பணம் ஒதுக்குபவர்களுக்கு, அஸ்திவாரம் எந்த அளவில் இருக்கிறது, எத்தனை தூண் எழுந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். அக்காலக் கட்டுமானப் படங்களுக்கெல்லாம் இதுதான் முதல் வேலை. அதனால் கேமரா உயரமான இடம் தேடி ஏறும், முடிந்த அளவு பரப்பை அள்ளிக்கொள்ளும். மனிதர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பார்கள். பக்கத்திலிருக்கும் இரும்புச் சட்டம் எவ்வளவு பெரியது என்று காட்ட அவர்கள் உயரம் உதவும்.

தகட்டின் குணமும் இந்தப் படங்களில் கலந்திருக்கிறது. அன்றைய பூச்சு நீலத்துக்குச் சட்டென்று கருகும், சிவப்பைக் கிட்டத்தட்டக் காணாது. சிவப்பு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டே இருட்டறையில் தகட்டைக் கழுவ முடிந்ததும் இதனால்தான். நீல வானம் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும், மேகம் தெரியாது. உருக்காலை என்றதும் நம் மனத்தில் வரும் அந்தச் செந்தணலுக்கு இதே பூச்சில் உரிய பிரகாசம் கிடைக்காது. வெளிச்சம் குறைவான இடத்தில் லென்ஸ் மூடியைச் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாமல் நின்றவருக்கு முகம் கிடைத்தது. மண்வெட்டியை வீசிக்கொண்டிருந்தவர் புகைபோல இழுபட்டார். ஓயாமல் உழைத்தவரைவிட வேலையை நிறுத்திவிட்டு நின்றவரே தெளிவாகப் பதிவானார் என்பதை நினைக்கையில் எனக்கு மனம் கனக்கிறது.

இந்த நிலம் ஆலைக்கு முன்னால் யாருமறியாத வெற்றிடமாக இருக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி கௌல்ஸ் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் நடந்து நடந்து, ஒரு தாவரக் கூட்டம் மண்ணைப் பண்படுத்திவிட்டு அடுத்த கூட்டத்துக்கு எப்படி இடம் விடுகிறது என்று ஆராய்ந்து 1899-இல் வெளியிட்டார். சூழலியல் என்ற துறைக்கு அது ஒரு தொடக்கம். அதற்கும் முன்பே, 1896-இல், வானில் பறக்கும் முயற்சிகளின் முன்னோடி ஆக்டேவ் சனூட் தன் கிளைடர்களைப் பறக்கவிட்டது மில்லர் கரையில். பின்னாளில் அந்தக் கரை கேரி நகருக்குள் வந்துவிட்டது. குன்றுகளை அகற்றியதற்குச் சான்றாக நிறுவனம் எடுத்துவைத்த முதல் படங்களே, அக்குன்றுகள் எப்படி இருந்தன என்பதற்கும் இன்று சான்று.

1908 ஜூலையில் இரும்புத் தாது ஏற்றிய முதல் கப்பல் வந்தது. டிசம்பரில் முதல் ஊதுலை எரிந்தது. இந்தியாவில், சாக்சி கிராமத்தில் டாட்டா ஆலைக்கான முதல் முளை அடிக்கப்பட்டதும் இதே 1908-இல், பிப்ரவரியில். ஜாம்ஷெட்பூராக வளர்ந்த அந்த இடத்துக்கும் ஆலோசகராக வந்தவர் ஓர் அமெரிக்கப் பொறியாளர், சார்லஸ் பேஜ் பெரின். பின்னால் 1930-களில் சோவியத் நாடு மாக்னிதகோர்ஸ்க் என்ற உருக்கு நகரைக் கட்டியபோது கண்முன் வைத்துக்கொண்டது கேரி ஆலையைத்தான்.

கட்டி முடித்த கட்டடத்துக்குக் கட்டுமானப் படம் தேவையில்லை. தகடுகளுக்கு ஆபத்தான காலம் அங்கேதான் தொடங்குகிறது. கனமானவை, இடத்தை அடைப்பவை. ஈரம் ஏறினால் ஜெலட்டின் உப்பிக் கண்ணாடியை விட்டுக் கழன்று வரும். பல இடங்களில் இப்படிப்பட்ட தகடுகளைச் சுரண்டி வெள்ளி எடுத்திருக்கிறார்கள், செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குக் கூரையாகவும் பொருத்தியிருக்கிறார்கள். கேரியின் படங்களுக்கு அந்தக் கதி வரவில்லை. ரொனால்ட் கோஹன், ஜேம்ஸ் லேன் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் 1973-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் வடமேற்கு வளாகத்தில் கேலுமெட் வட்டார ஆவணக் காப்பகத்தை நிறுவினார்கள். ஆலையின் படங்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1906 முதல் 1971 வரையான 2,200-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அந்தத் தொகுப்பில் உள்ளன. இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு உலகின் எந்த மூலையிலும் திரையில் விரிகின்றன. பெரிய தகட்டில் இருக்கும் நுணுக்கம் அசாத்தியமானது. ஒரு மூலையைப் பெரிதாக்கினால் ஓர் ஆளின் தொப்பி, இடுப்புப் பட்டை, பூட்ஸில் அப்பிய மணல்வரை தெரியும். அளவுகோலாக நிறுத்தப்பட்டவர் ஆளாகிவிடுகிறார்.

ஆனால் கேமரா அதிகம் போகாத பக்கமும் உண்டு. நிறுவனம் திட்டமிட்டுக் கட்டியது வபாஷ் ரயில் பாதைக்கு வடக்கே மட்டும்தான். நடைபாதை, கழிவுநீர்க் குழாய், மரங்கள் எல்லாம் அங்கே. பாதைக்குத் தெற்கே இருந்த பகுதியை நிலத்தரகர்கள் கையில் விட்டுவிட்டார்கள். போலந்து, செர்பியா, குரோஷியா, இத்தாலியிலிருந்து வந்த கூலிகளும், பின்னால் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் அங்கே பலகைக் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 'பேட்ச்' என்பது அந்தப் பகுதிக்கு வழங்கிய பெயர். நிறுவனம் தன் சாதனையாகக் காட்ட அங்கே எதுவும் இல்லை. இவ்வளவு விரிவான தொகுப்பில் இதுதான் பெரிய குறை என்பேன். ஊதுலையின் ஒவ்வொரு சட்டமும் ஏறியதைக் காண முடிகிறது, ஏற்றியவர் இரவில் எங்கே படுத்தார் என்பதைக் காண்பது கடினம்.

1919-இல் நாடு தழுவிய உருக்காலை வேலைநிறுத்தம் கேரிக்கும் வந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைதான் தொழிலாளர்களின் முக்கியக் குறை. அக்டோபரில் ஜெனரல் லெனார்ட் வுட் தலைமையில் ராணுவம் கேரிக்குள் நுழைந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. பன்னிரண்டு மணி நேரம் 1923-இல்தான் ஒழிந்தது.

1910-இல் கேரியின் மக்கள்தொகை 16,802. 1960-இல் 1,78,320 ஆக உயர்ந்து, 2020-இல் 69,093-க்கு இறங்கிவிட்டது. ஆட்கள் வெளியேறிய தெருக்களில் பூட்டிய வீடுகளும் வெற்று மனைகளும். எனவே தகடுகளிலிருந்து வந்த படங்களுக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. இடிந்துபோன பள்ளி எங்கே இருந்தது, தாத்தா குடியிருந்த வரிசை வீடு எந்தத் திருப்பத்தில் என்று அறிய விரும்பும் ஊர்க்காரருக்கு அவை வழி காட்டுகின்றன. அதே காப்பகம் தொழிற்சங்கங்களின் ஆவணங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. நிறுவனம் எடுத்த படங்களும் அந்த நிறுவனத்தை எதிர்த்து நின்றவர்களின் காகிதங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 1908-இன் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சங்கப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிப் படிப்பவருக்கு, தூணருகே நிற்பவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் உழைத்திருப்பார் என்பதும் விளங்கும்.