எட்டு விருதுகளும் ஒரே நாட்டுக்கு!

வள்ளியூரில் ரயிலேறி வடக்கே சென்றால், திருநெல்வேலியைத் தாண்டிக் கோவில்பட்டி வரும். ஹாக்கிக்குப் பேர்போன ஊர். 2021 அக்டோபர் 6 அன்று அவ்வூரார் மகிழ்ந்ததுபோல் நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். பன்னாட்டு ஹாக்கிச் சம்மேளனத்தின் ஆண்டு விருதுகள் எட்டும் இந்திய அணிகளுக்கே கிடைத்தன. சிறந்த வீரர் ஹர்மன்பிரீத் சிங். வீராங்கனை குர்ஜித் கௌர். கோல் காப்பாளர்கள் ஸ்ரீஜேஷும் சவிதாவும். பயிற்சியாளர் விருதுகளும் நம் அணிகளைப் பயிற்றுவித்த இரு வெளிநாட்டினருக்கே!

பெல்ஜியம் கொதித்தது. காரணமில்லாமல் இல்லை. அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் தங்கம் பெல்ஜியத்துக்கு. மகளிர் தங்கம் நெதர்லாந்துக்கு. 41 ஆண்டுகளுக்குப்பின் பதக்கம் கண்ட நம் ஆடவர் வென்றது வெண்கலம். மகளிருக்கு நான்காம் இடம். தங்கம் வென்ற அணிக்கு ஒரு விருதும் இல்லையென்றால் வாக்களிப்பு முறையே பழுது என்றது பெல்ஜிய ஹாக்கி அமைப்பு.

நம் நாட்டு மக்கள்தொகைதானே காரணம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ரசிகர், வீரர் ஆகியோரின் வாக்குகளுக்கு மொத்தத்தில் 25 விழுக்காடுதான் மதிப்பு. பத்திரிகையாளருக்கு 25. எஞ்சிய 50 நாட்டுச் சங்கங்களுக்கு. லட்சக்கணக்கான ரசிகர் திரண்டாலும் அந்தக் கால்பங்கைத் தாண்ட முடியாது.

சங்க வாக்குகளைப் பாருங்கள். ஆசியாவின் 33 சங்கங்களில் 29 வாக்களித்தன. ஐரோப்பாவின் 42 சங்கங்களில் 19 மட்டுமே. 9 சங்கங்கள் கூடுதலாக உள்ள கண்டம் வாக்கில் 10 குறைந்துபோயிற்று! வாக்களிக்காமல் இருந்துவிட்டு முடிவைக் குறைகூறலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் எட்டுக்கு எட்டு என்பதை ஆட்டத்திறன் ஒன்றே விளக்கிவிடாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விவரமறிந்தவர்கள் மட்டும் வாக்களித்தால் சிக்கல் தீருமா? வட அமெரிக்கப் பனி ஹாக்கியின் ஹார்ட் கோப்பைக்குப் பத்திரிகையாளர்களே ஐந்து பெயர்களை வரிசைப்படுத்துவர்; 10, 7, 5, 3, 1 எனப் புள்ளிகள். 2002-இல் தியோடோர், இகின்லா இருவருக்கும் சரியாக 434 புள்ளிகள்! முதலிட வாக்குகள் 26-க்கு 23 என்றிருந்ததால் கோப்பை தியோடோருக்குப் போயிற்று. சமநிலையை உடைக்க வேறு விதி இருந்திருந்தால்?

2022-இல் ஹாக்கிச் சம்மேளனம் கணக்கை மாற்றியது. நிபுணர் குழுவுக்கு 40 விழுக்காடு. அணிகள், ரசிகர், பத்திரிகையாளர் ஆகியோருக்குத் தலா 20. இம்முறை எட்டும் நமக்கு வரவில்லை. ஆனால் ஹர்மன்பிரீத், ஸ்ரீஜேஷ், சவிதா மூவரும் மறுபடியும் வென்றனர்.