பிறப்புப் பதிவேடும் குழவி உயிரும்

மாநகர் வரலாறு வரைவோர் மாளிகையையும் வாணிகத்தையும் விரித்துரைப்பர். தொட்டிலை நோக்குவார் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கு நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஐரோப்பாவினின்றும் குடியேறிய ஏழை மக்கள் அடுக்குக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். அறைகள் பலவற்றில் வெயிலும் காற்றும் புகா. கோடையில் பால் விரைந்து கெட்டது. வயிற்றுப்போக்கால் குழவிகள் மிகுதியாக மாண்டன.

1908ஆம் ஆண்டுக் கோடையில், நகர நலத்துறை மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர் அம்மையார் புதுவழி ஒன்று கண்டார். பிறப்புப் பதிவேட்டினின்றும் முகவரி பெற்று, குழவியின் பிறப்புப் பதிவான மறுநாளே செவிலியரை இல்லந்தோறும் அனுப்பினார். அவர்கள் மருந்து கொண்டு செல்லவில்லை; தாய்ப்பால், காற்றோட்டம், நீராட்டல், மெல்லிய ஆடை ஆகியவற்றின் பயனைக் கற்பித்தனர். முந்திய கோடையினும் அப்பகுதியில் 1,200 இறப்புகள் குறைந்தன என்று 1939இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அம்மையார் குறிக்கின்றார். அவ்வாண்டே குழந்தை நலப் பிரிவு அவர் தலைமையில் நிறுவப்பெற்றது.

இதுகொண்டு, தாயரின் அறியாமையே சாவுக்குக் காரணம் எனத் துணிதல் பொருந்துமோ? பொருந்தாது. தாய்ப்பால் ஊட்டுதல் தாயின் செயல். கடையில் விற்கும் பாலின் தூய்மையும் வாடகை அறையின் காற்றும் அவள் கையில் இல்லை. நாதன் ஸ்ட்ராசு என்னும் வணிகர் 1893 முதலே கிருமி நீக்கிய பாலை ஏழையர்க்கு வழங்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. அறிவுரையும் நற்பாலும் ஒன்றற்கொன்று துணையாயின.

இறப்புப் பதிவேடு இழந்தோரை எண்ணியது. பிறப்புப் பதிவேடோ காக்கத்தக்கோர் வாயிலைக் காட்டியது. ஆவணத்தைப் படிக்கும் நோக்கு மாறியமையே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம்.