வேலை அவதானிப்பு (பின்னலாடைத் தொழிலில்)

யந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளியின் செய்கைகளைக் கூறு கூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூறும் எடுத்துக்கொள்ளும் காலத்தை முறைப்படி பதிவு செய்வதற்கு வேலை அவதானிப்பு என்று பெயர். திருப்பூரின் பெரிய பனியன் கம்பெனிகளில் இன்று இது கணினியின் துணையோடு நடைபெறுகிறது. ஆனால் கருவிகள் மாறிய வேகத்துக்கு, அவதானிப்பவரின் கண்ணைப் பழக்கும் பாடம் மாறிவிடவில்லை.

1880களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பிரெடெரிக் டெய்லர் கடிகாரத்தைக் கொண்டு தொடங்கிய இம்முறையை, பிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லிலியனும் சலனப்படக் காமிராவின் உதவியால் கையசைவின் நுட்பம் வரை கொண்டு சென்றனர். பருத்தித் தொழிலுக்கு விசேஷமாகப் பயன்பட்ட வழியோ இங்கிலாந்தில் பிறந்தது. லங்காஷயர் நெசவுக் கொட்டகைகளை ஆராய்ந்த புள்ளியியல் நிபுணர் டிப்பெட், நாள் முழுவதும் ஒரு தறியையே பார்த்திருக்க வேண்டியதில்லை என்றும், இடைவிட்டு இடைவிட்டுச் சுற்றி வந்து அந்தந்தக் கணத்தில் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று குறித்தாலே போதும் என்றும் 1930களில் நிரூபித்தார்.

இந்தியாவில் இக்கலைக்கு வித்திட்டவை 1947இல் அமைந்த ஆமதாபாத் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், 1952இல் இங்கு வந்த சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவுமே. 1956இல் கோயம்புத்தூரில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி செலவாகிறது என்னும் கணக்கை நூற்பாலைகளுக்குப் பழக்கப்படுத்தியது.

பயிற்சியில் மிகக் கடினமான பகுதி, தொழிலாளியின் வேகத்தை மதிப்பிடுவதாகும். கடிகாரம் காலத்தைச் சொல்லுமே தவிர, அந்தக் காலத்தில் அவர் அவசரப்பட்டாரா, சோர்ந்திருந்தாரா என்று சொல்லாது. ஆகவே, சுமையின்றிச் சமதரையில் மணிக்கு 4 மைல் நடப்பதும், 52 சீட்டுகளை 22.5 விநாடியில் பங்கிடுவதும் 100 என்னும் மதிப்புக்கு அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. வெவ்வேறு வேகத்தில் எடுத்த படங்களைத் திரையிட்டு, மாணாக்கர் இட்ட மதிப்பைச் சரியான மதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். மந்தமாக வேலை செய்பவரைச் சற்று உயர்த்தியும், விரைந்து செய்பவரைச் சற்றுத் தாழ்த்தியும் மதிப்பிடும் சுபாவம் அனுபவஸ்தரையும் விடுவதில்லை. சுறுசுறுப்பானவர் நஷ்டமடையும் இந்தப் பிழை, எவ்விதத் துர்நோக்கமும் இல்லாமலே நேர்வது.

திருப்பூரில் 1920களிலேயே பின்னல் யந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன என்றாலும், கடிகாரக்காரருக்கு அங்கே நெடுங்காலம் வேலை இருக்கவில்லை. தைத்த உருப்படிகளை எண்ணிச் சனிக்கிழமை கூலி கொடுக்கும் பீஸ் ரேட் முறையில் எண்ணிக்கையே போதுமான பதிவாயிற்று. கூலி விகிதமோ முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் பேசித் தீர்க்கும் விஷயமாக இருந்தது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிப் பெருகியபின், குறிப்பாக 2004இன் முடிவில் சர்வதேச ஜவுளி ஒதுக்கீட்டு முறை நீங்கியபின், ஒரு சட்டைக்கு எத்தனை நிமிஷம் என்று அயல்நாட்டுக் கொள்முதலாளர் வினவலாயினர். ‘சாம்’ என்று தொழிற்சாலைகளில் வழங்கும் நிமிஷக் கணக்கு இவ்வாறு பெரிய கம்பெனிகளில் குடிபுகுந்தது.

அக்கணக்குக்கு மூலாதாரம் 1948இல் அமெரிக்காவில் வெளியான எம்.டி.எம். முறை. கை நீட்டல், பற்றல், பொருத்தல் போன்ற அசைவுகளுக்கு முன்கூட்டியே காலம் நிர்ணயித்த இம்முறையின் அலகு 0.036 விநாடி. இதைத் தையலுக்கென்று சுருக்கி இங்கிலாந்தில் 1970களில் வகுத்த ஜி.எஸ்.டி. முறை, பின்னர் மென்பொருளாக வளர்ந்தது. வேகத்தை மதிப்பிடும் தொல்லை ஒழிந்தது. ஆனால் எந்த அசைவுக்கு எந்தக் குறியீடு என்று தீர்மானிக்கும் பொறுப்பு மனிதக் கண்ணுக்கே மிஞ்சியது. ஓவர்லாக் டெய்லர் துணியை ஒரு கையால் எடுத்தாரா இரு கைகளாலா, எத்தனை சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்தார், அடுக்கைச் சீர்செய்தவர் அவரா அருகிலிருந்த கைமடியா (உதவியாளரா) என்பவற்றை மென்பொருள் தானே அறியாது.

ஆதலால் பயிற்சியும் பழைய பள்ளிக்கே திரும்பிற்று: ஒரே வீடியோவை இருவர் தனித்தனியே பார்த்துக் குறியிட்டு, வேறுபட்ட இடங்களில் படத்தை நிறுத்தி விவாதிப்பது. விலங்குகளின் நடத்தையை ஆராய்வோரும் இதையே செய்கின்றனர். 1990களிலிருந்து அவர்கள் கையாளும் நோல்டஸ் நிறுவனத்தின் ‘அப்சர்வர்’ மென்பொருளில் இரு பதிவுகளின் ஒற்றுமையைக் கணக்கிடும் வசதி உண்டு. தற்செயலாக நேரும் ஒற்றுமையைக் கழித்துக் காட்டும் கப்பா எண்ணை ஜேக்கப் கோகன் 1960இலேயே வகுத்துத் தந்திருந்தார்.

ஜாப் ஒர்க் செய்யும் சிறு கூடங்களில் இவை எதுவும் இன்னும் பரவவில்லை. அங்கே புதிய மாடல் ஒன்று வந்தால், அனுபவமுள்ள டெய்லர் ஒருவர் முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுவார். பீஸுக்கு என்ன ரேட் என்பது அதன்பின் நடக்கும் பேரத்தில் நிச்சயமாகும்.