வீடியோ கேம் அட்டைப்படம்

வீடியோ கேம் அட்டைப்படம் என்பது கேட்ரிட்ஜ் அல்லது வட்டு அடங்கிய பெட்டியின் முகப்பில் அச்சாகும் ஓவியம். இணையம் பரவாத காலத்தில், கடையில் நிற்பவருக்கு ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்த ஒரே தகவல் பல வேளைகளில் இதுதான்.

1977இல் வந்த அட்டாரி 2600 கருவி திரையில் காட்டியது சில கட்டங்களையும் கோடுகளையும்தான். கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் அந்தக் குறையைப் பெட்டியின் மேல் தீர்த்துவைத்தனர்: ஒரே படத்தில் பீரங்கிகள், விமானங்கள், வெடிப்புகள். 1985இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த நின்டெண்டோ, திரையில் தெரியும் பிக்சல் உருவங்களையே பெரிதாக்கிக் கறுப்புப் பெட்டிகளில் அச்சிட்டது. இரண்டும் பலித்தன. ஒன்று கற்பனைக்குத் தீனி போட்டது, மற்றது உள்ளதைச் சொன்னது.

ஆட்டத்தையே பார்க்காமல் வரைந்ததுபோல் தோன்றும் அட்டைகள் வேறு ரகம். 1987ஆம் ஆண்டு ஆட்டமான 'மெகா மேன்' நாயகன், கையே பீரங்கியாக மாறும் ஒரு சிறுவன் ரோபோ. அமெரிக்க அட்டையிலோ நடுவயது ஆள் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் கோணலாக நிற்கிறார். ஆட்டத்தை உருவாக்கிய கேப்காம் நிறுவனமே 2012இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' ஆட்டத்தில் அவரை ஒரு பாத்திரமாக்கித் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டது.

அட்டையின் வெற்றி தோல்வி இரண்டையும் ஒருசேரக் காட்டுவது 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'ஈகோ'. கொம்பு முளைத்த சிறுவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பாழ்கோட்டையிலிருந்து தப்பிப்பதே ஆட்டம். ஜப்பானிய, ஐரோப்பிய அட்டையை இயக்குநர் ஃபுமிட்டோ உவேடாவே வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் பாணியில் வெறிச்சோடிய கட்டடங்கள், நீண்ட நிழல்கள். அவற்றுக்கிடையே கைகோத்து ஓடும் இரு சின்னஞ்சிறு உருவங்கள். சண்டைக் காட்சி எதுவும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் தனிமையும் பிடித்த கையை விடக்கூடாதென்ற பதற்றமும் அதிலேயே தெரிகின்றன. வட அமெரிக்கப் பெட்டியில் இந்த ஓவியம் இடம்பெறவில்லை; கணினி வரைகலையில் செய்த சிறுவனின் உருவம் பெரிதாக வந்தது. அங்கு விற்பனை மந்தமானதற்கு அந்த அட்டையும் ஒரு காரணம் என்று தயாரிப்பாளர் யசுஹிதே கோபயாஷி கருதினார். பழி முழுவதையும் அட்டையின் தலையில் போடுவது நியாயமாகாது. ஆனாலும் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தக்கூடிய அந்தப் படம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை.

வாங்குபவர் யாரென்று முன்கூட்டியே முடிவு கட்டுவதிலும் வம்பு உண்டு. 'பயோஷாக் இன்ஃபினிட்' (2013) அட்டையில் துப்பாக்கி ஏந்திய ஆண் மட்டும் நின்றபோது ரசிகர்கள் முகம் சுளித்தனர். புதியவர்களை ஈர்க்கவே அப்படிச் செய்ததாக இயக்குநர் கென் லெவின் விளக்கினார். அட்டைத்தாளைத் திருப்பி வைத்தால் தெரியும் மறுபக்கத்துக்கு வேறொரு படத்தை ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) ஆட்டத்தில் எல்லி என்ற சிறுமியைப் பெட்டியின் பின்புறத்துக்குத் தள்ளச் சொன்னபோது அதை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனம் மறுத்துவிட்டது.

இப்போது பெட்டியின் இடத்தை இணையக் கடையின் சிறுபடம் பிடித்துவிட்டது. கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அகலமே உள்ள இதில், நுணுக்கமான ஓவியம் வெறும் வண்ணத் திட்டாகிவிடும். படத்துக்குள் பரிசு முத்திரைகளையும் விமர்சன மதிப்பெண்களையும் திணிக்கும் வழக்கமும் வளர்ந்தது. 2022 செப்டம்பர் 1 முதல், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் அதற்குத் தடை விதித்தது. ஓவியமும் ஆட்டத்தின் பெயரும் துணைத்தலைப்பும் மட்டுமே அங்கு அனுமதி.